கருப்பனுக்கு எடுத்து வச்ச பாட்டில்

திருநகர், மதுரை
14.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சத்யா எழுதுகிறேன். நானும் ஆர்த்திகாவும் அத்தையும் இங்கே நல்லா இருக்கோம். அந்த ஊர்ச் சாப்பாடு உங்க வயித்துக்குச் சேருதான்னு முதல்ல எழுதுங்க. மெலிஞ்ச மாதிரி தெரியுது.

தினமும் வீடியோ காலில் பார்க்கிறோமே, எதுக்கு மெயில்ல கடிதம்னு கேப்பீங்க. அத்தை போனை வாங்கி மடியில வச்சுக்கிட்டா எனக்குக் கிடைக்கிறது உங்க நெத்தி மட்டும்தான். அவங்களைக் குறை சொல்லலை. ஒத்தப் புள்ளையை ஒரு வருஷத்துக்கு மெக்சிகோ அனுப்பிட்டு உட்கார்ந்திருக்காங்க. ஆனா சில விஷயத்தை அவங்க முன்னாடி கேக்க முடியாது. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவுல, நீங்க புனேயில இருந்தப்ப, பக்கம் பக்கமா எழுதிக்கிட்டோமே. அது மாதிரி இதையும் வச்சுக்குவோம்.

கேக்க வேண்டியது இதுதான். ரூபினா தன்னோட ஸ்டேட்டஸ்ல ஒரு போட்டோ போட்டிருந்தா. அவ வீட்டுக்காரர், உங்ககூட அங்க வேலை பார்க்கிற அசீம் அண்ணன், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார், கையில எலுமிச்சம்பழ சோடா. பக்கத்துல நீங்க. உங்க கையில ஒரு சின்னக் கிளாஸ், உள்ள தேன் கலர்ல ஏதோ இருக்கு. பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்தேன், படம்தான் கட்டம் கட்டமா உடைஞ்சது.

அது என்ன மாமா? ஜூஸா இருந்தா ஜூஸ்னு எழுதுங்க. இல்லைன்னா என்னன்னு எழுதுங்க. ரெண்டையும் படிக்கிற தைரியம் எனக்கு இருக்குன்னு நினைக்கிறேன்.

ஆர்த்திகா குப்புற விழுந்துட்டா. ஆனா திரும்பி மல்லாக்க வரத் தெரியலை, அழறா. நாலு மாசத்துக்கு இது சரியா, இல்லை நான்தான் தேவையில்லாம பயப்படுறேனா?

இன்பாக்ஸைத் திறந்து திறந்து மூடிக்கிட்டிருக்கும்,
சத்யா


குவாதலஹாரா
20.7.2024

அன்புள்ள சத்யா,

எனக்குச் சளி கூட இல்ல, கல்லு மாதிரி இருக்கேன். மெலிஞ்சது கேமரா கோணம். ஆர்த்திகா குட்டிக்கு என் முத்தம். கவிழ்ந்தவளுக்கு நிமிரவும் தெரியும், விடு.

அது ஜூஸ் இல்ல. தெக்கீலா. இந்த இடத்துல நீ எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்து மிச்சத்தைப் படி.

நம்ம ஊரு சினிமாவுல உப்பை நக்கி, எலுமிச்சம்பழத்தைக் கடிச்சு, மூஞ்சியக் கோணிக்கிட்டு ஒரே மடக்குல ஊத்துவானுகளே, அது இல்ல இது. அப்படிக் குடிச்சா இங்க பாவமாப் பாக்குறாங்க. நாங்க இருக்கிற வீட்டுக்குக் கீழேயே ஒரு பார். பார்னா நீ நினைக்கிற மாதிரி இருட்டு இல்ல. பேரன் பேத்தியோட குடும்பமா வந்து உக்காந்து கதை பேசுற இடம். ஊத்திக் குடுக்கிறவன் பேரு சூய். நான் முதல் நாளு வாங்கி மடக்குனு குடிக்கப் போனேன். கையப் புடிச்சிட்டான். "மெதுவா"ன்னு அவன் பாஷையில சொன்னான். எனக்கு இந்த ஊரு பாஷையில உருப்படியாத் தெரிஞ்ச முதல் வார்த்தை அதுதான்.

திருமங்கலம் ரயில் பாதை ஓரமா ஆனைக்கத்தாழை நிக்குமே, அதுக்கு நீலம் போட்ட மாதிரி ஒரு செடி. அதோட அடிக்கட்டையச் சுட்டு, பிழிஞ்சு, புளிக்க வச்சு வடிக்கிறாங்க. அப்புறம் ஓக் மரப் பீப்பாய்ல ஒரு வருசத்துக்கு மேல போட்டு வச்சாத்தான் இந்த நிறம். அன்யேஹோன்னு பேரு. வாயில வச்சதும் சூடு. அப்புறம் கருப்பட்டி காய்ச்சுற வீட்டு வாசம். எல்லாம் இறங்குன பெறகு, மழையில நனைஞ்ச மரக்கடையத் தாண்டிப் போனா மூக்குல ஏறுமே, அது. கூடவே தக்காளி ரசத்துல ஆரஞ்சுச் சாறை ஊத்துன மாதிரி ஒண்ணு குடுக்குறான். இதுல ஒரு வாய், அதுல ஒரு வாய். ஒரு கிளாஸை வச்சிக்கிட்டு சாயங்காலம் முழுக்க உக்காந்திருக்கலாம்.

அசீம் என்னையப் பாத்து, "மாப்ள, நீ குடிக்கிறியா இல்ல அதுக்குக் கதை சொல்லித் தூங்க வைக்கிறியா?"ங்கிறான். அவன் சோடா மூணாவது.

ஒண்ணு சொல்லட்டா? உனக்கும் பிடிக்கும்னு தோணுது. அதைத்தான் முதல் வாயில நினைச்சேன்.

கோவிச்சிக்கிட்டாலும் கடிதத்துலயே கோவிச்சிக்கோ.
பிரகாஷ்


திருநகர்
4.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வீட்டில எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் போகலை. நீங்க வேளைக்குத் தூங்குறீங்களா?

தண்ணி குடிச்சிட்டு வந்துதான் படிச்சேன். ஒரு சொம்பு.

நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அதான் பயமா இருக்கு. பழங்காநத்தத்துல எங்க தெரு முக்குலதான் ஒயின்ஷாப்னு உங்களுக்குத் தெரியும். டியூஷன் முடிஞ்சு நானும் என் கூடப் படிச்ச தமிழ்வாணியும் கையைப் புடிச்சிக்கிட்டு அதைத் தாண்டி ஓடுவோம். எங்கம்மா கேட்டுல நிப்பாங்க. எங்க வீட்டில யாரும் குடிக்கலை, ஆனா தினமும் சாயங்காலம் ஒரு ஆள் எங்க படியில தலையை வச்சுப் படுத்திருப்பார். அவரும் முதல்ல ருசிக்காகத்தானே போயிருப்பார்? காலேஜ்ல படிச்ச புத்தி, அதுவும் இதுவும் ஒண்ணில்லைன்னு சொல்லுது. மனசு அந்தப் படியிலேயே நிக்குது.

அதனால ஒரு ஒப்பந்தம். ஒரு கிளாஸ். வெள்ளிக்கிழமை. பக்கத்துல அசீம் அண்ணன். மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் வேண்டாம். சரின்னு எழுதுங்க.

இன்னொரு சேதி. ஆர்த்திகாவுக்குக் காதுகுத்து தேதி குறிச்சாச்சு, தை மூணாவது ஞாயிறு. கீழக்குயில்குடி தாண்டி உங்க பங்காளிக கருப்பன் கோயில்ல. பூசாரி விருமாண்டி பெரியப்பா வீட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போனார். எங்க பக்கம் பெருமாளுக்குத் துளசியும் பொங்கலும்தான், அதனால எனக்கு இது புதுசு. கிடா, சுருட்டு, ஒரு பாட்டில். பாட்டில் சீல் உடையாததா இருக்கணுமாம். யாராவது வாய் வச்சதுன்னா கருப்பன் ஏத்துக்க மாட்டாராம். புள்ளையோட தகப்பன் கையாலதான் திறந்து ஊத்தணுமாம். "தகப்பன் வரலேன்னா தோடும் இல்ல, கிடாயும் இல்ல, கெளம்பு"ன்னுட்டார். அத்தை, "வராம எங்க போறான்? லீவு சொல்லிட்டான்"னு மார் தட்டிட்டாங்க.

லீவு சொல்லிட்டீங்கதானே?

பதிலுக்குக் காத்திருக்கும்,
சத்யா


குவாதலஹாரா
15.9.2024

அன்புள்ள சத்யா,

உனக்கும் அம்மாவுக்கும் என் குட்டிக்கும் சொகந்தானே? பதில் போட இம்புட்டு நாளானதுக்கு மன்னிச்சிரு. ஆபீஸ்ல கொஞ்சம் இழுபறி.

ஒப்பந்தம் சரி.

அசீம் இந்த வாரம் ஊருக்கு வாரான். அவன்கிட்ட ஒரு பாட்டில் குடுத்து விட்டிருக்கேன். நான் குடிக்கிற அதே அன்யேஹோதான், சீல் போட்டது. கருப்பனுக்கு. வருசம் முழுக்க அந்த மனுசனுக்குக் குவார்ட்டரா ஊத்துறாங்க, ஒருதரம் மரப்பீப்பாய்ல தூங்குனதைக் குடிக்கட்டும். சூய்கிட்ட, "எங்க சாமிக்கு"ன்னு கையக் காலை ஆட்டி வெளக்குனேன். அவன் சிரிக்கல. உள்ள போயி நல்லதா ஒண்ணைத் தேடி எடுத்துட்டு வந்து, துணியால தொடச்சு, நெத்தியில வச்சுக் கும்பிட்டுத்தான் குடுத்தான்.

அசீமுக்குத்தான் கூத்து. "மாப்ள, பெட்டியில அத்தர் வாசம் தவிர வேற வாசம் வந்துச்சு, ரூபினா என்னையப் பெட்டியோட தெருவுல வச்சிருவா"ன்னான். பெறகு அவனே, "குடிக்கிறவன்கிட்ட குடுத்தா வழியிலயே காலி. சாமி சரக்குக்கு நான்தான்டா சரியான காவல்"னு வாங்கிக்கிட்டான்.

குட்டி படம் அனுப்பு. தனியா உக்காருறாளா?

எப்பவும் உன்,
பிரகாஷ்


திருநகர்
6.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே மூணு பேருக்கும் குறையில்லை. ஆர்த்திகா உட்காருறா, ஆனா இடது பக்கமா சாயுறா. டாக்டர் ஒண்ணுமில்லைன்னார். அவர் சரியாப் பார்த்தாரான்னுதான் தெரியலை. நீங்க சுகமா?

பாட்டில் வந்து சேர்ந்துச்சு. ரூபினா ஜவுளிக்கடை மஞ்சப்பையில போட்டு, பையை உடம்புல படாம நீட்டிப் புடிச்சிக்கிட்டே ஆட்டோவுல இருந்து இறங்கினா. அத்தை கையைக் கழுவிட்டு வந்து வாங்கி, பூஜை அலமாரியில கருப்பன் படத்துக்குக் கீழ வச்சுட்டாங்க. இப்ப தினமும் அதுக்கும் சேர்த்துச் சாம்பிராணி. விருமாண்டி பெரியப்பா பார்க்க வந்தார். தூக்கிப் புடிச்சு வெளிச்சத்துல பார்த்துட்டு, "ஏத்தா செல்லத்தாயி, சாமி இதைக் குடிச்சிட்டு அருள்வாக்கை இங்கிலீசுல சொன்னா நான் என்னத்தக் கண்டேன்?"னு கேட்டார். "நீ முதல்ல சாமியாடுறப்ப கீழ விழாம ஆடு"ன்னாங்க அத்தை.

சிரிச்சேன் மாமா. ஆனா ரெண்டு விஷயம் உறுத்துது.

அசீம் அண்ணன் ஆட்டோவை விட்டு இறங்கலை. உள்ளேயே உட்கார்ந்து, "நல்லா இருக்கீங்களா தங்கச்சி"ன்னு என் செருப்பைப் பார்த்துக் கேட்டார். அங்க புழங்கின குக்கர், போர்வை எல்லாத்தையும் கட்டிக்கிட்டு வந்துட்டார்னு ரூபினா பேச்சுவாக்குல சொன்னா. லீவுல வந்த மனுஷன் அதையெல்லாம் கொண்டு வருவாரான்னு கேட்டேன். அவ பேச்சை மாத்திட்டா.

இன்னொண்ணு. தைக்கு நீங்க வரப்போறீங்கன்னா, பாட்டிலை நீங்களே கொண்டு வந்திருக்கலாமே. எதுக்கு முன்னாடியே அனுப்பினீங்க?

இப்ப வெள்ளிக்கிழமை பக்கத்துல யார்?

உடனே எழுதுங்க,
சத்யா


குவாதலஹாரா
22.10.2024

அன்புள்ள சத்யா,

நலம், நலமறிய ஆவல். குட்டி சாயுறதெல்லாம் சரியாயிரும்.

பெருசா ஒண்ணும் சேதி இல்ல. மழைக்காலம் முடிஞ்சிருச்சு. சூய் எனக்குன்னு ஜன்னலோர மேசையப் போட்டு வச்சிருக்கான். மேற்குப் பாத்த ஜன்னல். இப்பக்கூட அங்கதான் உக்காந்து எழுதுறேன். நாலு மணி வெயில் கிளாஸுக்குள்ள நேரா இறங்கி, மேசை மேல ஒரு சின்ன மஞ்ச வட்டம் விழுது. கிளாஸைச் சுத்துனா வட்டமும் சுத்துது. பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு.

தீபாவளிக்கு எல்லாருக்கும் துணி எடுத்துக்கோ. அம்மாவை மாத்திரைய விடாமப் போடச் சொல்லு.

பிரகாஷ்


திருநகர்
3.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

தீபாவளி நல்லபடியா முடிஞ்சது. வெடிச் சத்தத்துக்கு ஆர்த்திகா என் கழுத்தைக் கட்டிக்கிட்டு இறங்கவே இல்லை. நீங்க அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?

உங்க கடிதத்தைப் படிச்சேன். சின்னக் கடிதம், அதனால பல தடவை படிக்க முடிஞ்சது.

22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மாமா. காலண்டரைப் பார்த்தேன், அங்கேயும் செவ்வாய்தான். சாயங்காலம் நாலு மணி. உங்க ஆபீஸ் ஆறு மணிக்கு முன்னாடி விடாதுன்னு நீங்கதான் அலுத்துக்குவீங்க. செவ்வாய்க்கிழமை நாலு மணி வெயில் உங்க கிளாஸ்ல எப்படி விழுந்துச்சு?

ஏதோ லீவா இருக்கலாம். அந்த ஊரு பண்டிகையா இருக்கலாம். நீங்களே ஒண்ணைச் சொல்லிடுங்க, நான் நம்பிடுறேன். போன்ல கேக்கலாம்னு நேத்துப் பார்த்தேன். அத்தை பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, "எம்புள்ள மூஞ்சியில என்ன களை பாரு"ங்கிறாங்க. எனக்குக் களை தெரியலை. ஷேவ் பண்ணாத தாடிதான் தெரிஞ்சது.

எனக்குத் தூக்கம் வரலை,
சத்யா


திருநகர்
24.11.2024

மாமா,

நாங்க சுகம். நீங்க சுகமான்னு கேட்டுப் போன தடவை எழுதினதுக்கே பதில் இல்லை.

போன்ல "எழுதுறேன், எழுதுறேன்"னு சொல்லிட்டு அத்தைகிட்ட மழையைப் பத்திப் பேசுறீங்க. அதனால நான் நெல்பேட்டைக்கு ரூபினா வீட்டுக்குப் போனேன். குழந்தைக்குத் துணி வாங்கப் போறேன்னு அத்தைகிட்ட சொல்லிட்டு.

அசீம் அண்ணன் கொல்லைப் பக்கமா நழுவப் பார்த்தார். ரூபினாதான், "சொல்லுங்க, அவ என்னைய மாதிரி ஒரு பொம்பளைதானே. நீங்க மறைச்சிருந்தா நான் விட்டிருப்பேனா?"ன்னு நிறுத்தினா. அவர் உட்கார்ந்து, தலையில கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு அவிழ்த்துக்கிட்டு, கடைசியில சொல்லிட்டார். செப்டம்பர் மாசமே புராஜெக்டை மூடிட்டாங்க. ரெண்டு பேரையும் வேண்டாம்னுட்டாங்க. "நான் வாடா போலாம்னேன் தங்கச்சி. அங்கேயே வேற தேடுறேன், வீட்ல மூச்சு விடாதன்னு என் கையில சத்தியம் வாங்கிட்டான். மாப்ளைக்குக் குடுத்த சத்தியம் போச்சு, இனி அல்லா பாத்துக்கட்டும்"னார்.

வேலை போனதுக்கு நான் அழலை மாமா. வேலை போகும், வரும். நானும் படிச்சவதான், ஆர்த்திகாவுக்கு ஒரு வயசானதும் ஏதாவது பார்த்துக்குவேன்.

பயமெல்லாம் அந்த ஜன்னலோர மேசை மேலதான். வெள்ளிக்கிழமைன்னு சொன்னது என்ன ஆச்சு? பக்கத்துல அசீம் அண்ணன் இல்லை. பேச ஆளில்லை. காலையில எழுந்து போக ஆபீஸ் இல்லை. கீழ இறங்கினா பார். பழங்காநத்தத்துப் படியில படுத்திருந்தவர் பேரை நான் கேட்டதே இல்லை. இப்ப கண்ணை மூடினா அவருக்கு உங்க மூஞ்சி வருது.

அத்தைக்கு இன்னும் தெரியாது. நான் எதையும் சொல்லலை. நீங்க சொல்றதுக்காக விட்டு வச்சிருக்கேன்.

ஒரு வரியாவது எழுதுங்க.

சத்யா


குவாதலஹாரா
8.12.2024

சத்யா,

எல்லாரும் சொகமா இருங்க. நானும் இருக்கேன்.

அசீம் சொன்னது நெசம். கம்பெனி கணக்கு முடிச்சுக் குடுத்ததைத்தான் சம்பளம் மாதிரி பிரிச்சுப் பிரிச்சு அனுப்பிக்கிட்டிருக்கேன். முதல் மாசம், இந்தா கெடைச்சிரும்னு நினைச்சேன். கெடைச்ச பெறகு, "அது போச்சு, இது வந்துச்சு"ன்னு சேத்துச் சொல்லிரலாம்னு இருந்தேன். பத்து இடத்துல பேசிட்டேன். எல்லாம் இந்த ஊரு பாஷை கேக்குறான். எனக்குத் தெரிஞ்சது மெதுவாங்கிற ஒத்த வார்த்தை.

ஒரு கிளாஸுங்கிறதை நான் மீறல. நம்பு. ஆனா வெள்ளிக்கிழமைங்கிறது எல்லா நாளும் ஆயிருச்சு. மத்தியானம் வேலைக்கு மனுப் போட்டு முடிச்சிட்டுக் கீழ இறங்கிருவேன். அங்கதான் ஒருத்தன் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறான். முன்னாடி உனக்கு எழுதுன கருப்பட்டி, மரக்கடை, அதெல்லாம் இப்ப தெரிய மாட்டேங்குது. சூடு மட்டும் தெரியுது. சூய் கூட, "உனக்கு இது பிடிக்காமப் போச்சா?"ன்னு கேட்டான்.

காதுகுத்துக்கு நான் வரல சத்யா. கம்பெனியில லீவு குடுக்கலன்னு அம்மாகிட்ட சொல்லிரு. தள்ளிப் போடச் சொல்லு. பங்காளிக குரூப்புல ஃப்ளெக்ஸ் டிசைன் வந்துச்சே, பாத்தியா? எனக்குக் கோட்டு மாட்டி, பின்னாடி விமானம் பறக்க விட்டு, "மெக்சிகோ கண்ட மேலக்கரை சிங்கமே வருக வருக"ன்னு. அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழ நான் எப்படி வந்து நிப்பேன்? விசா ஜூன் வரைக்கும் இருக்கு. அதுக்குள்ள ஒண்ணு அமையும். அமைஞ்ச பெறகு வாரேன்.

என்னைய வையாத.
பிரகாஷ்


திருநகர்
22.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஆர்த்திகா சுகம். பாலை மறந்துட்டா, ரெண்டு வாரமாச்சு. எனக்குத்தான் மார் கட்டிக்கிட்டுக் காய்ச்சல் வந்துச்சு, இப்ப பரவாயில்லை. அத்தையும் சுகம். நீங்களும் சுகமா இருக்கணும்னு கருப்பனைக் கேட்டுக்கிட்டேன். அவர் என் பேச்சைக் கேப்பாரான்னு இதைப் படிச்சிட்டுச் சொல்லுங்க.

நேத்து மத்தியானம் அத்தை திருமங்கலத்துக்கு ஒரு துக்கம் கேக்கப் போயிருந்தாங்க. குழந்தை தொட்டில்ல தூங்குறா. நான் உங்க கடிதத்தைத் திரும்ப ஒருதரம் படிச்சேன். லீவு குடுக்கலைன்னு அத்தைகிட்ட எப்படி ஆரம்பிக்கலாம்னு வாய்க்குள்ளயே சொல்லிப் பார்த்தேன். எத்தனை தடவை சொன்னாலும் அது உங்க குரல்லதான் வந்துச்சு. பொய்யைக்கூட நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே சொல்றேன்னு ஆத்திரமா வந்துச்சு.

எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். பாட்டிலை எடுத்தேன். தெரியாம செஞ்சேன்னு சொல்ல மாட்டேன். "எது செஞ்சாலும் என்னைய செய், புள்ளையை விட்டுரு"ன்னு அவர் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிட்டு, சீலைக் கத்தியால கீறினேன். மேல இருந்த தக்கை டப்புனு வந்துச்சு, குழந்தை புரண்டு படுத்தா. அந்த நேரம் காலிங் பெல் அடிச்சிருந்தா நான் அங்கேயே செத்திருப்பேன்.

காபி டம்ளர்ல கொஞ்சமா ஊத்தினேன். முதல் வாயை மருந்து மாதிரி மடக்குனு விழுங்கி, கண்ணுல தண்ணி வந்து, சேலையை வாயில அமுக்கிக்கிட்டு இருமினேன். என் கையைப் புடிச்சு மெதுவான்னு சொல்ல இங்க யாரும் இல்லை. அப்புறம் நீங்க எழுதின மாதிரி, நாக்குல வச்சுக் காத்துக்கிட்டிருந்தேன். சூடு. அப்புறம் கருப்பட்டி. நிஜமாவே கருப்பட்டி. கொஞ்சம் கழிச்சு, ஈரமான மரக்கடை. இந்த ஒரு விஷயத்துல நீங்க பொய் சொல்லலை.

நல்லாத்தான் இருந்துச்சு மாமா. அத்தை திட்டுற சத்தம், டாக்டர், காதுகுத்து, மார்வலி, எல்லாம் ரெண்டு தெரு தள்ளிப் போன மாதிரி இருந்துச்சு. ஏன் நாலு மணிக்கு இறங்கிப் போறீங்கன்னு அப்ப புரிஞ்சது. புரிஞ்சதும்தான் நிஜமாவே பயந்தேன். இன்னொரு வாய்னு என் கை தன்னால போச்சு. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துட்டேன். இது ஒருத்தர் தனியா, பகல்ல, பேச ஆளில்லாம குடிக்கிற பொருள் இல்லை. நான் அப்படித்தான் குடிச்சேன், அதனால சொல்றேன்.

இப்ப நிலைமை இதுதான். தக்கையைத் திரும்ப வச்சு அமுக்கி, கிழிஞ்ச சீலைச் சுத்தி ஒட்டி, சந்தனம் குங்குமத்தை மேல அப்பி வச்சிருக்கேன். தூரத்துல இருந்து பார்த்தா தெரியாது. ஆனா கருப்பனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்ப உங்களுக்கும் தெரியும். மருமகள் வாய் வச்ச சரக்கை உங்க பங்காளிக முன்னாடி சாமிக்கு வைக்க முடியாது. இங்க கடையில ஒண்ணு வாங்கி மாத்தவும் முடியாது. அத்தை மூணு தெருவுக்குக் காட்டியாச்சு, விருமாண்டி பெரியப்பா பாட்டிலைப் படம் புடிச்சு வச்சிருக்கார். அதே பாட்டில், சீல் உடையாம, தகப்பன் கையோட வரணும். வேற வழி எனக்குத் தெரியலை. வேற வழி இருக்கக் கூடாதுன்னுதான் திறந்தேன்.

சிங்கம் யாருக்கு வேணும்? ஃப்ளெக்ஸை நான் பேசி நிறுத்துறேன். முடியலைன்னா ரெண்டு பேரும் அதுக்குக் கீழ நிப்போம், போறவங்க பாத்துட்டுப் போகட்டும். அத்தைகிட்ட நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க. நான் குழந்தையைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிடுறேன்.

திரும்பப் படிச்சுப் பார்க்காமயே அனுப்புறேன். தப்பு இருந்தா சேர்த்துப் படிச்சுக்கோங்க.

உங்க,
சத்யா


குவாதலஹாரா
12.1.2025

அன்புள்ள சத்யா,

கட்டுன மார் ஆறிருச்சா? காய்ச்சல் திரும்ப வரலையே? அதை முதல்ல சொல்லு.

உன் கடிதத்தைப் படிச்சிட்டு ரெண்டு நாள் வெளிய போகல. மூணாவது நாள் அம்மாவுக்குப் போன் பண்ணேன். நீ மாடிக்குப் போற செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. சொல்லிட்டேன்.  போன் கட்டாயிருச்சோன்னு "அம்மா, அம்மா"ங்கிறேன். "இருக்கேன்டா"ன்னுச்சு. பெறகு, "செப்டம்பர்ல இருந்து அம்புட்டுத் தூரத்துல ஒத்தையிலயா கெடந்த?"ன்னு கேட்டுட்டு அழுதுச்சு. அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, குரலைத் தாழ்த்தி, "டேய், சாமி பாட்டிலைத் தொறந்த மாதிரி இருக்கு. அலமாரியத் தொறந்தா வாசம் வருது. வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வந்துரு. சத்யாகிட்ட இதைப் பத்திக் கேக்காத, புள்ள ஏற்கெனவே பயந்து போயிக் கெடக்கு"ன்னுச்சு.

நான் ஒண்ணும் கேக்கல. நீயும் கேக்காத.

டிக்கெட் போட்டாச்சு. பெட்டியக் கட்டிட்டுச் சூய்கிட்ட போனேன். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, மத்தியானம், கடை நிறையக் குடும்பங்க. புதுப் பாட்டிலை மூணு சட்டையில சுத்திக் குடுத்தான். எனக்கும் ஒரு கிளாஸ் வச்சான். அவனையும் எதுத்தாப்ல உக்காரச் சொன்னேன். வேலை போனதுல இருந்து நீ கத்தி எடுத்தது வரைக்கும் அரைகுறை பாஷையில சொன்னேன். கத்தியில அவன் மேசையத் தட்டித் தட்டிச் சிரிச்சான். பேச்சு முடிஞ்சு கிளாஸைப் பாத்தா பாதி அப்படியே இருக்கு. ஒரு வாய் எடுத்தேன். கருப்பட்டி இருந்துச்சு சத்யா.

வெள்ளிக்கிழமை வைகையில வந்து எறங்குறேன். ஸ்டேசனுக்கு நீயும் குட்டியும் மட்டும் வாங்க. ஃப்ளெக்ஸை நிறுத்தலைன்னாலும் பரவால்ல. வேலைய எங்கிருந்து தேட ஆரம்பிக்கிறதுன்னு எனக்கு இப்பவும் தெரியல. அதை உன் பக்கத்துல உக்காந்து தெரியாம இருக்கேன்.

ஒண்ணே ஒண்ணு. மூணு மாசப் புள்ளையா விட்டுட்டு வந்தேன். போன்ல பாத்த மூஞ்சி நேர்ல வந்து நின்னா அவளுக்கு அடையாளம் தெரியாது. அழுதா அழ விடு. "அப்பா பாருடி"ன்னு என் கையில திணிக்காத. அவளா வர்ற வரைக்கும் நான் கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கிறேன்.

பிரகாஷ்